பாங்காக்கில் பத்தியம்

வெளிநாடு போய்விட்டு வந்த எழுத்துக்காரியை யாரும் சும்மா விடுவதில்லை. "என்ன பார்த்தீர்கள்? எப்போது எழுதப் போகிறீர்கள்?" என்று கேட்பார்கள். 2024ஆம் வருஷம் மார்ச் மாதக் கடைசியில் பாங்காக் போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வந்த என்னையும் கேட்டார்கள். மரகத புத்தர் கோயிலை வெளிமதில் வரையில் பார்த்தேன், சாவ் பிரயா நதியில் ஒரே ஒரு தடவை படகில் போனேன் என்பதெல்லாம் சொல்லிக்கொள்ளும்படியான பதில்களா? நான் நன்றாகப் பார்த்த இடம் ஒரு சமையலறை. நன்றாகத் தெரிந்துகொண்ட விஷயம் கஞ்சி. மற்றதற்கெல்லாம் புத்தகங்கள் இருக்கின்றன.

என் தம்பி 2014இல் வேலைக்காக அங்கே போனான். நான்கு வருஷத்தில் அந்த ஊர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியாரம்மா அவள். பாட்டி வழியில் சீன ரத்தம். பாங்காக்கில் அது சர்வ சாதாரணம். அம்மா கல்யாணத்துக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அவர்களை வா என்றும் சொல்லவில்லை. ஜாதி, மதம், பாஷை என்றெல்லாம் அம்மா வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னது கிடையாது. சொன்னது ஒன்றே ஒன்று. "அந்தப் பெண் கையாலே நான் என்னத்தைச் சாப்பிடறது?" ஆறு வருஷமாக மாயவரத்துக்கும் பாங்காக்குக்கும் நடுவே இந்த ஒரு கேள்வி மலை மாதிரி உட்கார்ந்திருந்தது. வாரத்துக்கு ஒரு நாள் தம்பி போனில் கூப்பிட்டு அம்மாவோடு பேசுவான். அவள் பக்கத்திலேயே நின்றாலும் போன் அவள் கைக்கு மாறாது.

பெயர் வேறு தொல்லை. சயாமியர்களுக்கு நீளமான பெயர் ஒன்றும், கூப்பிடுவதற்குச் சின்னப் பெயர் ஒன்றும் உண்டு. அவளுடைய சின்னப் பெயருக்கு அவர்கள் பாஷையில் 'குட்டி' என்று அர்த்தம். தமிழில் அதே ஓசைக்கு வைத்தியரிடம் போகவேண்டிய அர்த்தம். முதன்முதலில் அதைக் கேட்டுவிட்டு அம்மா காதைப் பொத்திக்கொண்டாள். ஆகையால் நானும் அதை இங்கே எழுதப் போவதில்லை.

நான் ஒன்றும் சமாதானத் தூது போகவில்லை. ஆனால் போவதற்கு முன்னால் ஒரு சின்ன முயற்சி செய்து பார்த்தேன். அம்மாவுக்குத் திருவெம்பாவை இருபது பாட்டும் மனப்பாடம். மார்கழியில் விடியற்காலையில் அவள் சொல்லித்தான் நாங்கள் கண் விழித்தோம். பாங்காக்கில் தேவஸ்தானம் என்று ஒரு கோயில் இருக்கிறது. 1784இல் முதலாம் ராமர் என்ற அரசர் கட்டியது. அங்கே அரண்மனைப் பிராமணர்கள் வருஷத்துக்கு ஒரு முறை செய்கிற சடங்கில் நம் திருவெம்பாவையை இன்றைக்கும் ஓதுகிறார்கள். வார்த்தைகள் தேய்ந்து உருமாறிப் போனாலும் அது அதுதான். பக்கத்தில் பெரிய சிவப்பு ஊஞ்சல் ஒன்று நிற்கிறது. 1935இலிருந்து அதில் யாரும் ஆடுவதில்லை. இதையெல்லாம் உருக்கமாகச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "ரொம்ப சந்தோஷம். அதுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்னடி சம்பந்தம்?" என்றாள்.

சம்பந்தம் இல்லைதான்.

போய் இறங்கி ஐந்தாம் நாள் என் கடைவாய்ப் பல் தன் இருப்பைத் தெரிவித்தது. வலது பக்கத்துக் கீழ்த்தாடை. ஞானப்பல் என்கிறோமே, அது. நாற்பது வயது தாண்டியும் வெளியே வராமல் எலும்புக்குள் படுத்துக்கிடந்து, அடுத்த பல்லை முட்டிக்கொண்டிருந்திருக்கிறது. கன்னம் வீங்கி வாய் இரண்டு விரல் அகலத்துக்குமேல் திறக்கவில்லை. தம்பி மனைவி என்னை அழைத்துக்கொண்டு போனாள். சயாமிய பாஷையில் பல்லுக்கு 'ஃபன்' என்று பெயர். அதையே சற்றுக் கீழிருந்து மேலே இழுத்துச் சொன்னால் கனவு. இப்படிப் புதைந்து கிடக்கிற பல்லுக்கு 'ஃபன் குத்' என்பார்களாம். சுருண்டு கிடக்கிற பல். நம் ஊரில் ஞானம் என்று பெயர் வைத்துவிட்டோம். அவர்கள் உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள்.

பல் வைத்தியர் ஒரு பெண்மணி. முதலில் மாத்திரை கொடுத்து வீக்கத்தை வடியவைத்தார். தாடை முழுவதையும் ஒரே படமாக எடுத்து என் முன்னால் வைத்து விளக்கினார். கீழ்த்தாடைக்குள் ஒரு நரம்பு ஓடுகிறது. உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுப்பது அதுதான். என் பல்லின் வேர் அந்த நரம்போடு ஒட்டி உறவாடிக்கொண்டிருந்தது. எடுக்கும்போது நரம்பு நசுங்கினால் உதடு மரத்துப் போகலாம். வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பலாம். சிலருக்குத் திரும்பாமலும் இருக்கலாம். எடுக்காமல் விட்டால் வீக்கம் மறுபடியும் வரும், பக்கத்துப் பல்லும் கெடும். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். யோசிக்க என்ன இருக்கிறது? ஏப்ரல் 9ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை, எடுத்துவிட்டார்கள். முழுப் பல்லாக வரவில்லை. எலும்பைக் கொஞ்சம் செதுக்கி, பல்லை இரண்டாக அறுத்துத் துண்டு துண்டாக எடுத்து, மூன்று தையல் போட்டார்கள்.

பத்தியம் அங்கேதான் ஆரம்பமாயிற்று. பல் இருந்த குழியில் ரத்தம் உறைந்து ஒரு மூடி போடுகிறது. எலும்புக்கு அதுதான் போர்வை. அது பெயர்ந்துவிட்டால் எலும்பு காற்றுக்குத் திறந்து கிடக்கும், வலி உயிரை வாங்கிவிடும். அதனால் உறிஞ்சக் கூடாது, துப்பக் கூடாது, முதல் நாள் வாய் கொப்பளிக்கக் கூடாது, சூடாக எதுவும் கூடாது. காரம் கூடாது, மெல்லக் கூடாது. பருக்கை பருக்கையாக இருப்பதும் எள்ளு மாதிரி பொடிசாக இருப்பதும் குழிக்குள் போய் உட்கார்ந்துவிடும் என்பதால் அவையும் கூடாது.

இந்த நிபந்தனைகளோடு நான் இருந்தது எந்த ஊரில் என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். பாங்காக்கில் ஜனங்கள் சாப்பிடாத நேரம் என்று ஒன்று இல்லை. சந்துக்குச் சந்து தள்ளுவண்டி. தோன்புரியில் தம்பி வீட்டு ஜன்னலைத் திறந்தால், கீழே ஒருத்தி பப்பாளிக்காயை உரலில் போட்டு இடிக்கிற சத்தம் 'டொக் டொக்' என்று மாடிக்கு வரும். ஏப்ரல் மாதம் மாம்பழக் காலம். ஒட்டரிசிச் சாதத்தில் தேங்காய்ப்பால் ஊற்றி, பக்கத்தில் மாம்பழத்தைச் சீவி வைத்து விற்கிறார்கள். நான் ஈரத்துணியில் சுற்றிய பனிக்கட்டியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் பார்த்தேன். கிருஷ்ண பரமாத்மாவின் வாய்க்குள் உலகம் தெரிந்தது போல எனக்கு உலகம் முழுவதும் பிறர் வாய்க்குள் தெரிந்தது.

சைவச் சாப்பாடு என்ற சங்கடம் இன்னொரு பக்கம். அந்த ஊரில் கஞ்சிக்கு 'ஜோக்' என்று பெயர். (சிரிக்கிற நிலையில் நான் இல்லை.) குறுணை அரிசியைக் கரைய வேகவைத்து, பருக்கையே தெரியாமல் கூழாக்கி, இஞ்சியை மயிரிழையாக நறுக்கிப் போட்டு விடியற்காலையில் விற்கிறார்கள். வழவழவென்று என் வாய்க்கென்றே பிறந்தது. ஆனால் அது வேகிற தண்ணீரே பன்றி எலும்புத் தண்ணீர். மேலே பன்றிக்கறி உருண்டை. இன்னொரு கஞ்சி, 'காவ் தோம்'. அதில் பருக்கை முழுசாக இருக்கும். அது வைத்தியர் விதித்த விதிகளுக்கே விரோதம். வைத்தியசாலையில் கொடுத்த இங்கிலீஷ் காகிதத்தில் 'காஞ்ஜீ' சாப்பிடலாம் என்று போட்டிருந்தது. அந்த இங்கிலீஷ் வார்த்தையே நம் கஞ்சிதான். போர்த்துகீசியர் வழியாகப் போனது. வார்த்தையை உலகத்துக்குக் கொடுத்தவர்கள் நாம். குடிக்கத்தான் வழியில்லை.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தம்பி மனைவி கடைக்குப் போய்விட்டு வந்தாள். கையில் புத்தம்புதிதாக ஒரு பாத்திரம், ஒரு கரண்டி, ஒரு சின்ன வடிகட்டி. பாத்திரத்தின் பிடியில் மஞ்சள் காகிதம் ஒட்டி, அதில் சிவப்பாக ஏதோ எழுதினாள். பார்ப்பதற்கு 17 மாதிரி இருந்தது. பதினேழு ரூபாயா, பதினேழாம் நம்பரா என்று எனக்கு விளங்கவில்லை. ராத்திரி தம்பி வந்து சொன்னான். அது எண் அல்ல, 'ஜே' என்ற எழுத்து. சீன வழிச் சைவம். மாமிசம் மட்டுமல்ல, முட்டை, பால்கூட அதில் சேராது. வெங்காயமும் பூண்டும் சேராது. புரட்டாசி ஐப்பசி வாக்கில் ஒன்பது நாள் ஊரே அந்த விரதம் இருக்கும். கடை வாசலெல்லாம் மஞ்சள் கொடி பறக்கும். கண்டிப்பானவர்கள் அதற்கென்று தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். அவளுடைய பாட்டி அப்படித்தான் வைத்திருந்தாளாம். மற்ற நாளில் அந்தப் பாத்திரத்தைக் குழந்தைகள் தொட்டால்கூடக் கையில் ஒன்று வைப்பாளாம்.

நான் தம்பியைப் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். எங்கள் வீட்டுப் பரண்மேல் சிராத்தத்துக்கென்று ஒரு செட் பாத்திரம் இருக்கிறது. அதைத் தொட்டு நாங்கள் இரண்டு பேரும் வாங்கிய அடி கொஞ்சமல்ல.

முதல் நாள் ஆகாரம் 'காவ் சே'. இதைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்லத்தான் வேண்டும். வெயில் காலத்துச் சாப்பாடு அது. மோன் என்ற பழங்குடி மக்களிடமிருந்து வந்து, பிறகு அரண்மனைச் சமையலாகிப் பெருமை பெற்றது. சாதத்தை அலசிப் பசை நீக்கி, மல்லிகைப்பூ மிதக்கவிட்ட தண்ணீரில் போட்டு, பனிக்கட்டி சேர்த்துச் சாப்பிடுகிறார்கள். தண்ணீருக்கு வாசனைத் திரியின் புகைகூடக் காட்டுவார்கள். சுற்றிலும் பொரித்தது, வதக்கியது என்று பல தினுசு. தொடுகறிகள் எனக்கு இல்லை. சாதத்தை அவள் கையாலேயே மசித்து, வடிகட்டியில் தேய்த்து, மல்லிகைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். பழையசோற்று நீராகாரம்தான்! ஆனால் புளிப்புக்குப் பதில் பூ வாசனை. கோடையில் நாம் பானைத் தண்ணீரில் வெட்டிவேர் போடுவதில்லையா? அந்த வாசனை தெரிந்த நாக்குக்கு இது அந்நியமாகத் தோன்றவில்லை. என் சொந்த அபிப்பிராயம், நீராகாரத்துக்குப் புளிப்பு வேண்டும். ஆனாலும் அன்றைக்கு அது தேவாமிர்தம்.

மரப்பு மருந்து நான்கைந்து மணி நேரத்தில் இறங்கிவிடும் என்றார்கள். கன்னம் இறங்கியது, நாக்கு இறங்கியது. கீழ் உதட்டின் வலது பாதியும் மோவாயும் இறங்கவில்லை. மறுநாள் காலையிலும் இல்லை. தொட்டால் யாருடைய தோலையோ தொடுகிற மாதிரி இருந்தது.

இதை எப்படி விவரிப்பது? வலி இல்லை. வலி இருந்திருந்தால் நன்றாக இருக்குமே என்றுகூட நினைத்தேன். ப, ம என்ற எழுத்துகளைச் சொல்லும்போது உதடு சரியாக மூடுகிறதா என்று கண்ணாடியில் பார்க்கவேண்டியிருந்தது. 'அம்மா' என்று கண்ணாடி முன் நின்று பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன். எழுதிப் பிழைக்கிறவளுக்கு உதடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நான் எழுதுகிற சம்பாஷணை ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துத்தான் காகிதத்தில் வைப்பேன். உதட்டுக்குச் சரியாக வராத வசனத்தை அடித்துவிடுவேன். இருபது வருஷத்துப் பழக்கம். ராத்திரி படுத்தால் தூக்கம் வரவில்லை. வைத்தியர் சொன்ன மூன்றாவது வார்த்தை, 'திரும்பாமலும் இருக்கலாம்', அதுவே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. தம்பியிடம் சொன்னால் பயப்படுவான். அவளிடம் சொல்லப் பாஷை இல்லை.

சொல்லவேண்டிய அவசியம் வரவில்லை. இரண்டாம் நாள் அவளே ஜோக் வைத்தாள். குறுணை அரிசியை ஊறவைத்து, காய்ந்த காளானும் வெள்ளை முள்ளங்கியும் வெந்த தண்ணீரில் இரண்டு மணி நேரம் கிளறி, வெதுவெதுப்பாக ஆறவைத்துக் கொண்டுவந்தாள். சாப்பிட்டேன். என் மோவாயில் கஞ்சி வழிவது எனக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எதிரே உட்கார்ந்திருந்த அவள் ஒன்றும் சொல்லாமல் தன் மோவாயை ஒரு விரலால் தொட்டாள். நான் துடைத்துக்கொண்டேன். மறுபடியும் ஒரு வாய். மறுபடியும் அவள் விரல். நான்காவது தடவை என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஜெப் மை?" என்றாள். வலிக்கிறதா என்று அர்த்தம். அந்த வார்த்தை எனக்குத் தெரிந்திருந்தது. இல்லையென்று தலையாட்டி உதட்டைக் காட்டினேன். அவள் தன் விரல்நுனியால் என் மோவாயின் இடது ஓரத்திலிருந்து மெதுவாகத் தட்டிக்கொண்டே வந்தாள். தெரிகிறவரையில் நான் தலையாட்டினேன். தெரியாமல் போன இடத்தில் நிறுத்தினேன். ஒரு பேனாவை எடுத்து அந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்தாள். குழந்தைகளுக்குப் பாடம் சொல்கிறவள் அல்லவா! அதற்குப் பிறகு தினமும் காலையில் கஞ்சிக்கு முன்னால் இந்தப் பரீட்சை நடந்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறை. பகல் முழுவதும் நாங்கள் இரண்டு பேர்தான். சமையல் வார்த்தைகள் தவிர எங்களுக்குள் பாஷை கிடையாது. "கின் காவ் ரூ யாங்?" சோறு தின்றாயிற்றா? பார்த்தவுடன் அவர்கள் கேட்பது இதுதான். தஞ்சாவூர் ஜில்லாக்காரிக்கு இதை மொழிபெயர்க்கவேண்டுமா? மூன்றாம் நாள் வீக்கம் உச்சத்தில் இருந்தது. அன்றைக்கு 'தாவ் ஹுவே'. சோயாப்பாலை இளந்தயிர் மாதிரி உறையவைத்து, இஞ்சிச் சர்க்கரைப்பாகு ஊற்றுவது. பாகு ஆறியபிறகுதான் கொடுத்தாள். நான்காம் நாள் பரங்கிக்காயைத் தேங்காய்ப்பாலில் குழைய வைத்தது. அன்றைக்கே சாயங்காலம் ஒரு வாழைப்பழப் பாயசம். 'க்ளுவே புவத் சீ'. தம்பி அர்த்தம் சொன்னான்: சந்நியாசம் வாங்கிக்கொண்ட வாழைப்பழம். அங்கே பெண் துறவிகள் வெள்ளை உடுத்துவார்கள். வெள்ளைத் தேங்காய்ப்பாலுக்குள் முழுகிய வாழைப்பழம் துறவறம் பூண்டுவிட்டதாம். ஒரு தின்பண்டத்துக்கு இப்படிப் பெயர் வைத்தவர்கள் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி தோன்றினார்கள். தேங்காய்ப்பாலில் சர்க்கரையோடு கொஞ்சம் உப்பும் போடுகிறார்கள். முதலில் திடுக்கென்றது. இரண்டாவது கிண்ணத்தில் அந்த உப்பைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

ஏப்ரல் 13 அவர்களுக்கு சோங்க்ரான். நம் சங்கராந்தி என்ற வார்த்தைதான். சூரியன் மேஷத்துக்குப் போகிற நாள். மூன்று நாள் தெருவெல்லாம் தண்ணீர் வாரி இறைத்துக்கொள்வார்கள். இந்தப் பண்டிகையை 2023 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. நான் அதை ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. வீட்டில் மட்டும் முறைப்படி பெரியவர்கள் கையில் வாசனை நீர் ஊற்றி ஆசி வாங்கினாள். அந்த வீட்டில் அன்றைக்குப் பெரியவள் நான்தான்.

மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, நமக்கு வருஷப்பிறப்பு. குரோதி வருஷம். காலையில் அம்மா போனில் கூப்பிட்டாள், முகம் தெரிகிற மாதிரி. பல் எடுத்த விஷயத்தைத் தம்பி முன்பே சொல்லியிருந்தான். உதட்டைப் பற்றிச் சொல்லவில்லை. "என்னடி இது, பூசணிக்காய் மாதிரி?" என்று ஆரம்பித்தாள். பிறகு நான் எதிர்பார்த்த கேள்வி. "என்னத்தைச் சாப்பிடறே?"

சொன்னேன். மல்லிகை நீராகாரம், ஜோக், பரங்கிக்காய், சந்நியாசி வாழைப்பழம். அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "எந்தப் பாத்திரத்திலே?" என்றாள்.

தம்பி எழுந்துபோய் அந்தப் பாத்திரத்தைக் கொண்டுவந்து, மஞ்சள் காகிதத்தோடு போனுக்கு நேரே பிடித்தான். பாட்டியின் கதையைச் சொன்னான். வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, குழந்தைகள் தொட்டால் அடி, எல்லாம். அம்மா நிஜமாகவே வெகு நேரம் பேசவில்லை. மாயவரத்தில் குக்கர் கூவியது கேட்டது. "இன்னிக்குப் பச்சடி உண்டா?" என்றாள் கடைசியில். யாரைக் கேட்டாள் என்று சொல்ல முடியாது. பொதுவாகக் கேட்டாள்.

மாங்காய்க்குக் குறைவில்லை. பனைவெல்லம் அவர்கள் சமையலிலேயே உண்டு. வேப்பம்பூவுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், தம்பி சொன்ன அடையாளத்தைக் கேட்டு அவள், "சதாவ்!" என்றாள். அவர்களும் வேப்பங்கொழுந்தும் பூவும் தின்கிறவர்கள்தான். அவர்கள் ஊர் வேம்பு நம்முடையதைவிடக் கசப்புக் குறைந்த ஜாதி. வழக்கமாக மீன் சாறு சேர்த்த இனிப்புக் குழம்பில் தொட்டுக்கொள்வார்களாம். அதை நான் அம்மாவுக்கு மொழிபெயர்க்கவில்லை. பூக்கும் காலம் முடிந்துவிட்டது. ஆனாலும் கடைத்தெருவில் காய்ந்த கொத்து ஒன்று கிடைத்தது. பண்டிகைக் கூட்டத்தில் தலையோடு கால் நனைந்து, அந்தக் கொத்தை மட்டும் நனையாமல் கொண்டுவந்தாள்.

போனை ஜன்னல் விளிம்பில் சாத்தி வைத்தோம். அம்மா சொல்லச் சொல்லத் தம்பி மொழிபெயர்த்தான். மாங்காயைத் தோல் சீவி வேகவை, வெல்லம் வேறாகக் கரையட்டும், உப்பு. வெல்லம் போடுகிற கட்டத்தில் அவள் கரண்டி கரண்டியாக அள்ளினாள். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. தம்பியை விட்டுவிட்டு நேராகவே, "போதும்! போதும்!" என்று கத்தினாள். அவள் கை அப்படியே நின்றது. அவர்கள் பாஷையிலும் போதும் என்பதற்கு ஏறக்குறைய 'போ' என்றுதான் சொல்வார்கள். மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. அவள் திரும்பிப் போனைப் பார்த்து, கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கை கூப்பினாள். "சவாதீ கா, மே" என்றாள். அது நம் 'ஸ்வஸ்தி'. 'மே' என்றால் அம்மா. அம்மா தலையை அசைத்தாள். ஆசீர்வாதமா, அங்கீகாரமா, அல்லது கழுத்து வலியா, யார் கண்டது? "அடுப்பைக் குறைக்கச் சொல்லுடா, அடி பிடிக்கும்" என்றாள் தம்பியிடம்.

பச்சடியை எனக்காக வடிகட்டியில் தேய்த்துக் கொடுத்தாள். ஒரு ஸ்பூன்தான் சாப்பிட முடிந்தது. புளிப்புத் தையலில் பட்டு எரிந்தது.

17ஆம் தேதி வைத்தியசாலை திறந்து தையல் பிரித்தார்கள். குழி சுத்தமாக ஆறியிருந்தது. உதட்டைக் குத்திப் பார்த்த வைத்தியர், அவள் வைத்த பேனாப் புள்ளியைக் கண்டு என்னவென்று கேட்டார். கேட்டுத் தெரிந்துகொண்டு, ஆரம்பப் புள்ளிக்கும் அன்றையப் புள்ளிக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அளந்து எழுதிக்கொண்டார். ஒரு நெல் அளவு நகர்ந்திருந்தது. ஊர் திரும்பியபிறகு எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு ஆரம்பித்து, ஆனி மாதத்துக்குள் உதடு வந்துவிட்டது. மோவாயில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு இன்னும் கொஞ்சம் மந்தம்தான்.

மாயவரம் போனபோது அம்மா என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். "அந்த வாழைப்பழம், தேங்காய்ப்பாலிலே போடறதுன்னியே, என்ன பழம் அது?" என்றாள். அங்கே 'நாம் வா' என்பது நம் கற்பூரவல்லி இனம்தான் என்று சொன்னேன். பேசாமல் இருந்துவிட்டாள். இரண்டு வாரம் கழித்துப் போனில், "பழம் கரைஞ்சு கூழாப் போயிடறதே, அவ எத்தனை நாழி வேகவைக்கிறா?" என்று கேட்டாள்.

"நீயே கேளேன்" என்றேன்.

"எனக்கு அவ பாஷை எங்கே தெரியும்? நீ கேட்டுச் சொல்லு."

கேட்டேன். நுனி பச்சையாக இருக்கிற அரைப்பழமாக எடுக்கவேண்டுமாம். முதலில் தோலோடு வெறும் தண்ணீரில் ஒரு கொதி வைத்து, பிறகு உரித்துத் தேங்காய்ப்பாலில் போடவேண்டுமாம். அம்மாவிடம் சொன்னேன்.

"தோலோடயா?" என்றாள் அம்மா. "அப்போ துவர்ப்பு இறங்காதோ? அதையும் கேளு."